மயில்சாமியின் மகள் – 11. கிணற்றுக் கதையைச் சொன்னது யார்?

யுவஸ்ரீ அந்தக் குறிப்பை மூன்றாவது தடவை படித்தாள். படிக்கப் படிக்க நன்றாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

‘வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் கூலி வேலை பார்த்த மயில்சாமியின் மகள் யுவஸ்ரீ. ஆறாம் வகுப்பில், அண்ணன் கிணற்றில் இறங்கிப் பிடித்துத் தந்த தண்ணீரை ஒரு பாட்டிலிலும் வாய்க்கால் தண்ணீரை இன்னொரு பாட்டிலிலும் அடைத்து வெயிலில் வைத்தார். எதில் முதலில் பாசி பிடிக்கும்? அன்று கேட்ட கேள்வியை இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.’

அதற்குக் கீழேதான் படிப்பு, பதவி, அனுபவம் எல்லாம்.

கண்காட்சியில் பேசப்போவதற்காகப் போன வாரம் அவளே எழுதிக் கொடுத்த அறிமுகக் குறிப்பு நான்கு வரி. பெயர், நுண்ணுயிரியலில் முதுகலை, ஆர்.எஸ்.புரத்துத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தின் தலைமை ஆய்வாளர், எட்டு வருட அனுபவம். முற்றுப்புள்ளி.

முதலாளி சசிதர் அதைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இது அறிமுகமா, மாத்திரை அட்டையாங்க? கண்காட்சிக்கு வர்றவங்க இதப் படிச்சுட்டு உங்க பேச்சக் கேக்க உள்ள வரோணும். தலைவலிக்கு மருந்து கேட்டு வரக்கூடாது.”

சொல்லிவிட்டு, விளம்பரம் எழுதும் பிரான்சிஸிடம் கொடுத்துவிட்டார். பிரான்சிஸ் எழுதியதுதான் இப்போது அவள் செல்போனில் இருந்தது.

வெள்ளகோவிலைப் பற்றி அவள் இந்த அலுவலகத்தில் ஒருத்தரிடமும் வாய் திறந்ததில்லை. அப்பா பெயரைக்கூடச் சொன்னதில்லை. இறந்து மூன்று வருடம் ஆன அப்பா.

அவள் எழுந்து பிரான்சிஸின் மேஜைக்குப் போனாள். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

“இது உங்களுக்கு யாருங்க சொன்னது?”

“பிடிச்சிருக்குதுங்களா?”

“யாரு சொன்னாங்க?”

“உங்க ஊட்டுலதாங்க கேட்டேன். வேற எங்க கேக்கறது? நீங்களா வாயத் தொறக்கறீங்க?” பிரான்சிஸ் சிரித்தான். “சாயங்காலம் அச்சுக்குப் போயிரும். வெப்சைட்லயும் ஏத்தீருவாங்க. தப்பு ஏதாச்சும் இருந்தா அதுக்குள்ள சொல்லிப்போடுங்க.”

“ஊட்டுல யாருகிட்ட?”

அதற்குள் அவன் போன் அடித்தது. சசிதர்தான். கண்காட்சித் திடலில் ஸ்டால் அளவில் ஏதோ குழப்பம். “வந்துட்டே இருக்கேனுங்க சார்” என்று சொல்லிக்கொண்டே பிரான்சிஸ் படியிறங்கிப் போய்விட்டான்.

யுவஸ்ரீ ஒரு செய்தி அனுப்பினாள். ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் லீவு சொல்லிவிட்டு அவள் வடவள்ளி பஸ் ஏறினாள்.

ஊர்ப் பெயரும் அப்பா பார்த்த வேலையும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டால் போதும். இந்தப் பக்கத்தில் யாரும் அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியதில்லை. சாதி தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும்.

சித்திரையில் வீடு தேடி அலைந்தபோது பட்ட பாடு அவளுக்கு மறக்கவில்லை. “உங்க குலதெய்வம் எந்த ஊருங்க?” என்று வாசலிலேயே மரியாதையாகக் கேட்டார்கள். பதில் சொன்ன மறுநாள், “பையன் வெளிநாட்டுல இருந்து வாரானுங்க, ஊடு எங்களுக்கே வேணும்” என்றார்கள். பார்த்த மூன்று வீட்டுக்கும் பையன் வெளிநாட்டிலிருந்து வந்தான்.

நாலாவது வீடு பார்க்கப் போகும் முன் அண்ணன் பவன் எல்லோரையும் உட்கார வைத்து ஒரு கதை கட்டினான். சொந்த ஊர் மேட்டுப்பாளையம். அப்பா பாக்கு மண்டியில் கணக்கு எழுதினார். குலதெய்வம் கேட்டால் பேச்சை மாற்றிவிட வேண்டும்.

“செத்த மனுசனுக்குப் புதுசா உத்தியோகம் வாங்கிக் குடுத்துப்போட்டான் எம் பையன்” என்று அம்மா பழனியாத்தாள் அன்றைக்குச் சொன்னாள். ஆனால் அவளும் அந்தக் கதையைத்தான் சொன்னாள். வடவள்ளி வீடு கிடைத்தது. கீழே வீட்டுக்கார அம்மா ராமாத்தாள், மேலே இவர்கள்.

இப்போது அண்ணி சாய்ப்ரியாவுக்கு ஆறாவது மாதம். இந்த நேரத்தில் வீடு போனால் எங்கே போவது?

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யுவஸ்ரீ யோசித்தாள். சொன்னது யார்?

குறிப்பிலேயே ஒரு தடயம் இருந்தது. ‘அண்ணன் கிணற்றில் இறங்கி.’ கிணற்றில் இறங்கியது அண்ணன் இல்லை, அம்மா. விடியற்காலையில் ஈரச் சேலையோடு பாட்டிலைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தது அம்மாதான். அந்தக் கிணற்றில் அவர்கள் இறங்கக் கூடாது. மோட்டார் ஓடும்போது வாய்க்காலில் பிடித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். ஆனால் பவன் எப்போது இந்தக் கதையைச் சொன்னாலும் தானே இறங்கியதாகத்தான் சொல்வான். கல்யாணமான புதிதில் அண்ணியிடமும் அப்படித்தான் சொன்னான். பெருமை அடித்துக்கொள்கிறான் என்று யுவஸ்ரீ விட்டுவிட்டாள். தனக்கு வந்த பரிசை வேறு யாராவது வாங்கிக்கொண்டு போனாலும் கீழே நின்று கைதட்டுகிற ரகம் அவள்.

ஆக, சொன்னது ஒன்று பவன். இல்லையென்றால் பவனிடம் கேட்டவள்.

பவன் ஏசி மெக்கானிக். மேட்டுப்பாளையம் கதையைக் கட்டியதே அவன்தான். அவனே போய்ச் சொல்ல மாட்டான்.

சாய்ப்ரியா பேசுவாள். காய்காரரிடம் பேசுவாள், சிலிண்டர் போடுகிறவரிடம் பேசுவாள். ராங் நம்பர் வந்தால்கூட ஊர், பேர் விசாரிக்காமல் வைக்க மாட்டாள்.

யுவஸ்ரீக்கு அண்ணியை ரொம்பப் பிடிக்கும். ஆனாலும் பஸ் லாலி ரோடு தாண்டுவதற்குள் அவள் மனதில் அண்ணி குற்றவாளி ஆகியிருந்தாள்.

கேட்டைத் திறந்தபோது கீழ் வீட்டு ஜன்னலில் ராமாத்தாளின் முகம் தெரிந்தது.

“ஏனுங்க அம்மணி, இன்னிக்கு நேரமே வந்துட்டாட்ட இருக்குது?”

“லேசாத் தலைவலிங்க.”

“மழை பேஞ்சிருக்குது, படி வழுக்கும். பாத்துப் போ கண்ணு.”

குரலில் ஒன்றும் தெரியவில்லை. அந்தக் குரலில் எப்போதுமே ஒன்றும் தெரியாது. குடிவந்த நாளிலிருந்து அவர் ஒரு தடவைகூட மாடி ஏறியதில்லை. எதுவானாலும் கீழே நின்று கூப்பிடுவார். முட்டி வலி என்பார். ஆனால் தினமும் கோயிலுக்கு நடந்துதான் போய் வருவார்.

இன்னொன்றையும் யுவஸ்ரீ கவனித்திருந்தாள். வந்த புதிதில் பலகாரம் செய்தால் எவர்சில்வர் கிண்ணியில் கொடுத்தனுப்புவார். அம்மா கிண்ணியைக் கழுவி, அதில் கொஞ்சம் சர்க்கரை போட்டுத் திருப்பிக் கொடுப்பாள். ஆடிக்கு அப்புறம் கிண்ணி வரவில்லை. பலகாரம் வந்தது. வாழையிலையில் மடித்து வந்தது. இலையை யாரும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

ஏன் என்று அவள் யாரிடமும் கேட்கவில்லை.

மேலே அம்மாவும் அண்ணியும் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். பவன் சாப்பிட வந்திருந்தான். நீல யூனிபார்மோடு தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“அண்ணி, பிரான்சிஸ்னு யாராச்சும் உங்களுக்குப் போன் பண்ணாங்களா?”

“பிரான்சிஸா? யாருங்க அது, மாப்பிள்ளையா?” சாய்ப்ரியாவின் முகம் மலர்ந்தது.

அம்மாவும் வெங்காயத்தை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். “என்ன வேலைல இருக்குது பையன்?”

“அம்மா!”

யுவஸ்ரீ போனைத் திறந்து சத்தமாகப் படித்தாள். படித்து முடித்தபோது பவன் கையில் சோற்று உருண்டை அப்படியே இருந்தது.

“எவன் எழுதுனது இத?” என்றான்.

“எழுதுனவர் இருக்கட்டும். சொன்னது யாருண்ணா?”

“நானா போய்ச் சொல்லப்போறேன்? கீழ அவிய காதுல உழுந்தா நாளைக்கே பொட்டியக் கட்டோணும்.” அவன் மெல்லத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். “சாயி?”

“சத்தியமா அந்த பிரான்சிஸ் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க.”

“பிரான்சிஸ உடு. வேற யாருகிட்டயாவது?”

சாய்ப்ரியா கையிலிருந்த வெங்காயத்தை உரித்தாள். உரித்ததையே மறுபடியும் உரித்தாள்.

“சாயி.”

“ஓனரம்மாகிட்ட” என்றாள்.

பவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

“வேணும்னு சொல்லலீங்க. ஆடியில ஒரு நாள் கீழ கொழாய்கிட்ட மசக்கைல வாந்தி வந்து உக்காந்துட்டேன். அவங்கதான் ஓடி வந்து புடிச்சாங்க. முதுகத் தடவிட்டே கேட்டாங்க. உங்க மாமனாருக்கு நெசமாலுமே எந்த ஊரு கண்ணுன்னு. முதுகத் தடவறவங்ககிட்ட எனக்குப் பொய் வரலீங்க.”

“அதுக்காகக் கெணத்துக் கதை வரைக்கும் சொல்லுவியா?”

“யுவஸ்ரீ எப்படி இவ்வளவு படிச்சுதுன்னு கேட்டாங்க. நீங்க என்கிட்டச் சொன்னத அப்படியே சொன்னேன். நீங்க எறங்கித் தண்ணி புடிச்சுக் குடுத்தது...”

“ஆடியில சொல்லியிருக்கற. இப்ப ஐப்பசி.” பவன் குரலைத் தாழ்த்தினான். தரைக்குக் கீழே காது இருப்பதுபோல. “தெரிஞ்சுட்டே இத்தனை நாளும் பேசாம இருந்திருக்காங்க. என்னத்துக்கு?”

“அதான் கிண்ணி நின்னுபோச்சா?” என்றாள் அம்மா.

அவளும் கவனித்திருக்கிறாள். யுவஸ்ரீ அம்மாவையே பார்த்தாள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஆளுக்கொரு மூலையில் ஒரே கிண்ணியை யோசித்திருக்கிறார்கள்.

மனதில் இருந்த எரிச்சல் அப்போது வேறு பக்கம் திரும்பியது.

“நீ ஏண்ணா எப்பவும் நான் எறங்குனேன், நான் எறங்குனேன்னு சொல்லீட்டுத் திரியறே? எறங்குனது அம்மாதான? நீ சொன்ன பொய்தான் இப்ப அச்சுக்குப் போகுது.”

பவன் தட்டை மறுபடி பக்கத்தில் இழுத்து, குனிந்து சாப்பிட ஆரம்பித்தான்.

“அவனக் கேக்காத” என்றாள் அம்மா. “நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்.”

“நீயா?”

“கெணத்து மேட்டுல ஈரக் கால் தடத்தப் பாத்துட்டுத் தோட்டத்துக்காரரு வந்து நின்னாரு. நீ பள்ளிக்கூடம் போயிட்ட. எறங்குனது யாருன்னு கேட்டாரு. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவன் முன்னால போயி, நாந்தானுங்கன்னு நின்னுபோட்டான். பதிமூணு வயசு. பெல்ட்டக் கழட்டி அடிச்சாரு.” அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயம் அவ்வளவு காரம் இல்லை. “அதுக்கப்புறம் ஊட்டுல ஆளுக்கொரு பேச்சுப் பேசுனா மாட்டிக்குவோம், நீதான் எறங்குனேன்னே சொல்லுடான்னு நான் சொல்லிவெச்சேன். அந்த வாரத்துலதான் கோயமுத்தூருக்கு வந்தோம்.”

அந்த வாரம் அண்ணன் முதுகில் இருந்த தழும்பு யுவஸ்ரீக்கு நினைவு இருந்தது. சைக்கிளில் விழுந்ததாகச் சொன்னான். சைக்கிளில் விழுந்தால் முழங்கால்தானே சிராய்க்கும் என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. எட்டு வருடமாக ஊரார் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாத கிருமியைத் தேடுகிறவளுக்கு, வீட்டில் கண்ணெதிரே இருந்தது தெரியவில்லை.

“ரசம் ஊத்துங்க அத்தை” என்று சாய்ப்ரியாதான் சொன்னாள். “அவரு வெறுஞ்சோத்தத் தின்னுட்டு இருக்காரு.”

அப்போது பிரான்சிஸ் கூப்பிட்டான்.

“மன்னிச்சுக்குங்க, திடல்ல சிக்னலே இல்ல. யாருன்னு கேட்டிருந்தீங்கள்ல? உங்கம்மாகிட்டத்தாங்க பேசினேன். அரை மணி நேரம்.”

யுவஸ்ரீ அம்மாவைப் பார்த்தாள். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சொந்தமாகப் போனே கிடையாது. கூப்பிட்டுக் கொடுத்தால்கூட, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்கவில்லை என்பாள்.

“எந்த நம்பருக்குங்க?”

“ஆபீஸ்ல நீங்க குடுத்து வெச்சதுதான். அவசரத்துக்குக் கூப்பிடறதுக்கு.”

அவள் போனை இறுக்கிப் பிடித்தாள். சித்திரையில் விலாசம் மாறியபோது அலுவலகத்தில் ஒரு நம்பர் கேட்டார்கள். எப்போதும் வீட்டில் இருக்கிற ஆள் வேண்டும் என்றார்கள். அப்போது அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விடுவார்கள், அம்மாவிடம் போன் இல்லை. கீழே ராமாத்தாளிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, அந்த நம்பரைத்தான் கொடுத்திருந்தாள்.

“எடுத்தவங்க யாருன்னு கேட்டீங்களா?”

“கேக்காம இருப்பேனுங்களா? யுவஸ்ரீயோட அம்மாங்களான்னுதான் கேட்டேன். ஆமா கண்ணு, சொல்லுன்னாங்க. நெம்ப நல்லாப் பேசினாங்க.” பிரான்சிஸ் குரலில் மகிழ்ச்சி தெரிந்தது. “ஊர்ப் பேரையும் அப்பா பேரையும் கண்டிப்பா போடோணும்னு ரெண்டு தடவை சொன்னாங்க. ஏன், தப்பா ஏதும் எழுதிப்போட்டேனா? ஊர் வேண்டாம்னா எடுத்தரலாமுங்க. இன்னும் அச்சுக்குப் போகல.”

எடுத்துவிடலாம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாத்திரை அட்டை திரும்பி வந்துவிடும்.

“கொஞ்சம் இருங்க. நானே ஒரு திருத்தம் எழுதி அனுப்பறேன்.”

போனை வைத்துவிட்டு, கேட்டதை மற்றவர்களுக்குச் சொன்னாள். சாய்ப்ரியா வயிற்றில் கை வைத்துக்கொண்டாள்.

“உன்னையாட்டம் பேசியிருக்காங்கம்மா” என்றான் பவன். “ஊர்ப் பேர வேற போடச் சொல்லியிருக்காங்க. ஊரே பாக்கட்டும்னுதான? நம்ம பொய்யி நம்ம மூஞ்சிலயே வந்து ஒட்டட்டும்னு. அப்புறம் காலி பண்ணச் சொல்றதுக்கு நாயம் கெடைச்சரும்.”

“நல்லதுக்கும் சொல்லியிருக்கலாமில்லீங்க?” என்றாள் சாய்ப்ரியா.

“நல்லதுக்குச் சொல்றவங்க எதுக்கு அம்மான்னு பொய் சொல்லோணும்?”

அம்மா ரசப் பாத்திரத்தை மூடி வைத்தாள்.

யுவஸ்ரீ தட்டச்சு செய்தாள். அழித்தாள். மறுபடி செய்தாள். பிறகு படித்துக் காட்டினாள்.

“ஆறாம் வகுப்பில், அம்மா பழனியாத்தாள் தோட்டத்துக் கிணற்றில் இறங்கிப் பிடித்துத் தந்த தண்ணீரை ஒரு பாட்டிலிலும் வாய்க்கால் தண்ணீரை இன்னொரு பாட்டிலிலும் அடைத்து வெயிலில் வைத்தார். அவர்கள் இறங்கக் கூடாத கிணறு அது. இறங்கியது நான்தான் என்று சொல்லி அண்ணன் பவன் அடி வாங்கிக்கொண்டார்.”

“ஊரு?” என்று கேட்டான் பவன்.

“இருக்குதுண்ணா. அப்பா பேரும்.”

“ஊடு போயிரும் யுவா.”

“யாருகிட்ட மறைக்கோணுமோ அவங்களுக்கு ஆடியிலயே தெரிஞ்சுபோச்சு. இனி யாருக்காக அப்பாவப் பாக்கு மண்டியில உக்கார வெக்கறது?” அவள் போனை அண்ணன் பக்கம் நீட்டினாள். “வேண்டாம்னு சொல்லு, எடுத்தர்றேன். நீ சொன்னா எடுத்தர்றேன்.”

பவன் கை கழுவிக்கொண்டு வந்தான். துண்டில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“வாங்கிக்கொண்டார்னு போட்டிருக்கற” என்றான். “பதிமூணு வயசுப் பையனுக்கு என்ன ‘ஆர்’? கொண்டான்னு போடு.”

அவள் மாற்றினாள். அனுப்பினாள். இரண்டு டிக்கும் உடனே விழுந்தன.

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு செருப்புச் சத்தம். கேட் பக்கம் போகவில்லை. படியில் ஏறியது. ஒரு படி, ஒரு நிறுத்தம். மறுபடி ஒரு படி.

“மேலயா வராங்க?” சாய்ப்ரியா கிசுகிசுத்தாள்.

பவன் கதவைப் பார்த்துப் போனான். அம்மா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சாயி, பெரிய சொம்ப எடு. வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுக்கோணும்.”

“இப்பப் போயி எதுக்கும்மா தண்ணி?” என்றான் பவன்.

“குடிக்கறாங்களான்னு பாக்கலாம்” என்றாள் அம்மா.

பானையிலிருந்து மொண்டு, சொம்பின் அடியை முந்தானையால் துடைத்து, இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். யுவஸ்ரீ அவள் பக்கத்தில் போய் நின்றாள். பாட்டிலை வெயிலில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் இருப்புக் கொள்ளாமல் உட்கார்ந்திருந்த நாள் போல நெஞ்சு அடித்துக்கொண்டது.

ராமாத்தாள் கடைசிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். ஒரு கை கைப்பிடிச் சுவரில் இருந்தது. இன்னொரு கை முந்தானைக்குள் எதையோ பிடித்திருந்தது.

“வாங்க, வாங்க” என்றாள் அம்மா. “மொதல்ல தண்ணி குடிங்க.”

சொம்பை நீட்டினாள்.

ராமாத்தாள் சொம்பைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார். பிறகு முந்தானைக்குள் இருந்த கையை மெல்ல வெளியே எடுத்தார்.

(தொடரும்)